ஒண்டிக்கடையில் ஜரீனா எடுக்காத படம்

நாற்பத்திரண்டு வயது வரை ஜரீனாவுக்குக் கேமரா என்றால் கல்யாண மண்டபத்தில் யாரோ தோளில் மாட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற சாமான், அவ்வளவுதான். ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் சாலையில் அவளும் கணவன் அன்வரும் கடை வைத்திருக்கிறார்கள். காப்பித்தூள், மிளகு, தைலம், வீட்டிலேயே காய்ச்சி அச்சில் ஊற்றிய சாக்லேட் என்று, மலைக்கு வருகிறவர்கள் திரும்பும்போது வாங்கிப்போகிற சரக்கு. சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் தஸ்லீமாதான் ஒரு விடுமுறையில் கேமராவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். யாரோ விற்ற பழைய கேமரா.

"போன்ல எடுத்தா சாக்லேட்டெல்லாம் கரிக்கட்டையாட்டம் தெரியுதும்மா. இதுல எடுத்து இன்ஸ்டாகிராம்ல போடு. வெளியூருக்கும் அனுப்பலாம்."

எடுத்துப் போட்டாள். சிலர் கேட்டார்கள், ஓரிருவர் வாங்கினார்கள். அத்தோடு அந்த வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு ஊர் நடுவில் இருக்கும் ஒண்டிக்கடை முக்கு வழியாக வீட்டுக்கு நடந்தபோது மழை விட்டிருந்தது. பேக்கரியின் மஞ்சள் விளக்கு ஈரத் தாரில் நீளமாக வடிந்து கிடந்தது. அதன்மேல் ஒரு பஸ் ஏறிப்போனது. வெளிச்சம் உடைந்து, பஸ் போனதும் மறுபடி கூடிக்கொண்டது. தினமும் நடக்கிற தெருதான். ஜரீனா நின்றுவிட்டாள். பையிலிருந்து கேமராவை எடுத்து ஒரு தரம் அமுக்கினாள்.

படத்தில் ஒன்றுமே உருப்படியாக இல்லை. எல்லாம் ஆடிப்போய், விளக்குகள் புழுவைப் போல நெளிந்திருந்தன. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் அன்வரிடம் காட்டினாள்.

"ஏனுங்க, இதப் பாருங்களேன்."

அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தான். "என்னது இது?"

"நம்ம ஒண்டிக்கடைங்க."

"அடப்பாவமே" என்றான் அன்வர். இருவரும் சிரித்தார்கள். மறுநாளும் அவள் எடுத்தாள். அதற்கு மறுநாளும்.

அம்மா ராத்திரியில் தெருவைப் படம் எடுக்கிறாள் என்று தெரிந்ததும் தஸ்லீமாவுக்குக் குஷி தாங்கவில்லை. சேலத்தில் பிரபாகர் என்பவர் இரவுப் புகைப்படத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திக்கொண்டிருந்தார். அதில் அம்மாவைச் சேர்த்துவிட்டாள். பிரபாகர் கெட்ட மனிதர் அல்ல. ட்ரைபாடில் கேமராவை வைத்தால் ஆடாது, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் இருட்டிலும் வெளிச்சம் சேரும், ஓடுகிற வண்டியின் விளக்கு கோடாக விழும் என்பதையெல்லாம் அவர்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரே ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாரத்துக்கு ஆளுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றில் என்ன குறை என்று எல்லோருக்கும் கேட்கும்படி பேசி அனுப்புவார்.

ஜரீனாவின் படம் ஒருமுறைகூடத் தேறவில்லை.

"கலர் நல்லாருக்குங்க. ஆனா பாக்கறவன் கண்ணு எங்க போய் நிக்கறது? ஒண்ணுமே நடக்கலையே இதுல. ஏற்காட்ல இருக்கறீங்க. பனி இருக்கு, மலை இருக்கு. அடிச்சுத் தூக்கற மாதிரி ஒண்ணு அனுப்புங்க, பாப்போம்."

அந்தக் குரலைக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். முதலில் விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. பேக்கரி விளக்கைப் பார்த்தால் இப்போது அது விளக்காகத் தெரியவில்லை, தேறுமா தேறாதா என்றுதான் தெரிந்தது. ஒரு முறை லாட்ஜ் வாசல் ஒன்றை எடுக்கப்போனபோது, அங்கே நின்ற ஒருவன் தன்னையும் தன்னோடு நின்ற பெண்ணையும்தான் எடுக்கிறாள் என்று நினைத்து, "அழி, இப்பவே என் கண்ணு முன்னால அழி" என்று கேமராவின் வாரைப் பிடித்து இழுத்தான். ஜரீனா எல்லாவற்றையும் அழித்தாள். வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பயத்தைவிட, அந்த வாரத்துக்கு அனுப்பப் படமில்லையே என்ற ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

"ராத்திரில தனியாப் போகாத புள்ள. நானும் வர்றேன்" என்றான் அன்வர். அவனுக்கு இதிலெல்லாம் ருசி இல்லை. இருந்தாலும் வந்தான். குடை பிடித்தான், ட்ரைபாடைத் தூக்கினான்.

மே மாதக் கடைசியில், கோடை விழாவுக்கு வந்த கூட்டம் கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், ஜரீனாவுக்கு ஒரு யோசனை வந்தது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நின்று எடுத்தால் ஏறுகிற வண்டிகளின் வெள்ளை விளக்கும் இறங்குகிற வண்டிகளின் சிவப்பு விளக்கும் இரண்டு ஆறுகளைப் போல வளைந்து விழும். பிரபாகர் கேட்டது அதுதான் என்று தோன்றியது. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு இருவரும் ஸ்கூட்டரில் இறங்கினார்கள். தூறல் போட்டது. வளைவின் தடுப்புச்சுவரை ஒட்டி ட்ரைபாடை நிறுத்தினாள். அன்வர் சாலையோரத்தில் டார்ச்சை ஆட்டி, வருகிற வண்டிகளுக்கு ஆள் இருப்பதைக் காட்டிக்கொண்டு நின்றான்.

முதல் படத்தில் அவனுடைய வெள்ளைச் சட்டை ஓரத்தில் பேயாகத் தெரிந்தது. இரண்டாவதில் டார்ச் வெளிச்சம் கோடுகளைக் கெடுத்தது. மூன்றாவதும் போயிற்று. தூறல் பெரிதாகிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கீழ தள்ளிப் போங்க. சட்ட தெரியுது."

"கீழ போனா வளைவுக்கு அந்தப் பக்கம் புள்ள. வர்றவனுக்கு நான் இருக்கறதே தெரியாது."

"ஒரே ஒரு படம்ங்க. டார்ச்சையும் அணைச்சிருங்க. சித்த நேரந்தான்."

அவன் வளைவை ஒரு தரம் எட்டிப் பார்த்தான். பிறகு தள்ளிப் போய் டார்ச்சை அணைத்தான். ஜரீனா ஷட்டரைத் திறந்தாள். கீழிருந்து ஒரு பஸ் உறுமிக்கொண்டு ஏறியது. அதற்குப் பின்னால் கார்கள். வெளிச்சம் வளைந்து வளைந்து போவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அப்போதுதான் மேலிருந்து ஏதோ வருவதுபோல் டயர் ஈரத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. விளக்கு இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை. பெட்ரோல் மிச்சம் பிடிக்க பைக்கை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருண்டுவந்த இரண்டு பையன்கள்.

அன்வரின் குரல் கேட்கவில்லை. ஒரு மூட்டை விழுந்த மாதிரி சத்தம். பிறகு இரும்பு தாரில் தேய்ந்துகொண்டு போகிற சத்தம்.

"ஏனுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவன் சாலையின் நடுவில் கிடந்தான். கால் இருக்க வேண்டிய பக்கம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. மேலேறி வந்த ஒரு காரின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்து, நின்றது. இன்னும் கொஞ்சம் பிந்தி பிரேக் பிடித்திருந்தால் அந்தக் காரும் ஏறியிருக்கும். பையன்கள் இருவரும் முழங்கை சிராய்ப்போடு எழுந்து நின்று அழுதார்கள். யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். ஜரீனா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "யா அல்லா, யா அல்லா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கேமராவைத் தடுப்புச்சுவர் ஓரத்திலிருந்து எடுத்துவந்து ஆம்புலன்சில் வைத்தது யார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

சேலத்து ஆஸ்பத்திரியில் தொடை எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, நடக்க மாதக்கணக்காகும் என்றார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள், அன்வர் மயக்கத்தில் தூங்கும்போது, ஜரீனா வராந்தாவில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். கேமரா நனைந்து வீணாகியிருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டுதான் அதை இயக்கினாள். அது நன்றாகவே வேலை செய்தது. கடைசிப் படம் திரையில் வந்தது.

அவள் எடுத்ததிலேயே மிகச் சிறந்த படம் அது. வெள்ளைக் கோடுகள் இருட்டைச் சுற்றி வளைந்து ஏறின. ஈரச் சாலை அவற்றை இரண்டாக்கிக் காட்டியது. பின்னால் பனி, அதற்கும் பின்னால் பள்ளத்தில் சேலத்தின் விளக்குகள். ஒரு குறை சொல்ல முடியாது. பைக்குக்கு விளக்கு இல்லாததால் அதில் பைக் இல்லை. டார்ச்சை அணைத்திருந்ததால் அன்வரும் இல்லை. அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றே அந்தப் படம் சொன்னது.

ஜரீனா அதை அழித்தாள். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

குழுவிலிருந்து வெளியேறினாள். ஊருக்கு வந்ததும் கேமராவை அலமாரியில் துணிக்கு அடியில் தள்ளினாள். கடையை ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்டாள். அன்வர் கட்டிலில் கிடந்தான். அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை, பேசவும் இல்லை. தண்ணி, மாத்திரை, தலகாணி என்று ஒற்றை வார்த்தைகள்தான். இரவில் ஒரே அறையில் இருவரும் விழித்துக் கிடப்பார்கள். வெளியே ஏதாவது பைக் இறங்கும் சத்தம் கேட்டால் ஜரீனாவின் உடம்பு விறைத்துக்கொள்ளும். அவன் அதைக் கவனிப்பான். சொல்ல மாட்டான்.

அவன் கம்பூன்றி முதல் தடவையாக வாசல் வரை நடந்த நாளில்தான் அந்த மௌனம் உடைந்தது. சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அன்னிக்கி அந்தப் படம் வந்துச்சா?"

கரண்டி அப்படியே நின்றது. "வந்துச்சுங்க. அழிச்சிட்டேன்."

"நல்லா வந்துச்சா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். "நொம்ப நல்லா வந்துச்சுங்க."

அன்வர் சோற்றைப் பிசைந்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பயந்து பக்கத்தில் போனாள். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

"எனக்கு நொம்பக் கோவம் புள்ள உம்மேல. இன்னும் இருக்குது. நீ என்னய அந்தப் பக்கம் போகச் சொன்னது மறக்கவே மாட்டேங்குது. ஆனா நீ முன்ன ஒரு படம் காட்டுனீல்ல, புழுவு நெளியற மாதிரி? அன்னிக்கி நீ சிரிச்ச சிரிப்பு அதுக்கப்பறம் ஒரு நாளும் சிரிக்கலையே. அந்த குரூப்புல சேந்ததுல இருந்தே."

அவள் குனிந்து அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

"போய் எடு. மலப்பாதப் பக்கம் மட்டும் போகாத. யாருக்கும் அனுப்பாத. எனக்கும் காட்ட வேண்டாம். எடுத்துட்டு வந்து சோத்தத் திங்கலாம், அவ்வளவுதான்."

அவன் சொன்ன மாத்திரத்தில் அவள் கிளம்பிவிடவில்லை. அலமாரியைத் திறப்பாள், மூடுவாள். ஒரு வழியாகக் கிளம்பிய நாளில் சாக்லேட் பெட்டி அட்டையில் ஒரு துண்டை வெட்டி, கேமராவின் பின்திரையை மூடி டேப் ஒட்டினாள். எடுத்தது எப்படி வந்தது என்று தெருவில் நின்று பார்க்கக் கூடாது. அது அவளே போட்டுக்கொண்ட ஏற்பாடு.

முதல் சில நாட்கள் அது நரகமாக இருந்தது. ஒண்டிக்கடை முக்கில் சுவரோடு சுவராக நின்றுதான் எடுத்தாள். ஒவ்வொரு பைக்குக்கும் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். விரல் டேப்பின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. ஒருமுறை பிய்த்துப் பார்த்தும்விட்டாள். எதுவும் தேறவில்லை. பழைய குரல் காதில் கேட்டது: ஒண்ணுமே நடக்கலையே இதுல. மறுபடி ஒட்டினாள்.

எப்போது மாறியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆடிக்காற்று போய் மழைக்காலம் வந்திருந்தது. படத்தைப் பார்க்க முடியாததால் தெருவைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பனி இறங்கும்போது விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் முதலில் கூர்மை இழக்கும், பிறகு பஞ்சு உருண்டையாகும், பிறகு கம்பமே மறைந்து உருண்டை மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. சும்மா நிற்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படிச் சும்மா நின்றதாக அவளுக்கு நினைவில்லை.

அங்கே அவளுக்குத் துணை வெள்ளையம்மாள். செம்மநத்தத்துக்காரி, ஐம்பதைத் தாண்டியவள். தன் காட்டில் விளைந்த கொய்யா, வாழை, சௌசௌவை ஒண்டிக்கடையில் கூறு வைத்து விற்றுவிட்டு, கடைசி ஜீப்புக்காகப் பூட்டிய கடையொன்றின் இறவாரத்துக்குக் கீழே, படிக்கட்டில் காத்திருப்பாள்.

"என்ன சாமி, தெனமும் இந்த வெளக்கயே புடிக்கற? அது எங்க ஓடியா போகுது?" என்பாள்.

"ஓடாதுங்கக்கா. அதான் புடிக்கறேன்."

ஐப்பசியில் ஒரு நாள். பகலெல்லாம் மழை. இருட்டியதும் பனி தெருவை அப்படியே மூடியது. பயணிகள் யாரும் இல்லை, கடைகள் முன்னதாகவே சாத்திவிட்டன. வெள்ளையம்மாள் விற்காத பழக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முக்காடு போட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள். ஜரீனா தெருவின் எதிர்ப்புறம் ட்ரைபாடை நிறுத்தி, அந்த இறவாரத்தின் மேலிருந்த விளக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். கேமராவுக்குள் பார்த்தபடி இருந்தவளுக்கு முதலில் வாசம்தான் வந்தது. ஈரமான தொழுவத்து வாசம். இங்கே ஏது மாடு என்று தலையை நிமிர்த்தினாள்.

எஸ்டேட் சுவர் இடிந்திருந்த பக்கமாக, பனிக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று வந்துகொண்டிருந்தது. முதலில் லாரியின் முகப்பு என்று நினைத்தாள். பிறகு நான்கு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை தெரிந்தது. காட்டெருமை. கூட்டத்திலிருந்து பிரிந்த ஒற்றைக் கடா. திமில் இறவாரத்தின் உயரத்தைத் தொட்டது. குளம்பு தாரில் படும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கொய்யாப் பழத்தின் மணத்தைப் பிடித்து நேராகக் கூடைக்கு வந்து தலையைத் தாழ்த்தியது.

கூடைக்கும் வெள்ளையம்மாளுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அவள் முக்காட்டுக்குள்ளிருந்து விழித்துப் பார்த்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பின்னால் பூட்டிய கடைக்கதவு, இரண்டு பக்கமும் படிக்கட்டின் சுவர். கொம்பு அவள் தோளுக்குப் பக்கத்தில் ஏறி இறங்கியது.

ஜரீனாவின் ஆள்காட்டி விரல் பொத்தான்மேல் இருந்தது. அவள் கண்ணுக்கு முன்னால் எல்லாம் தானாகவே அமைந்திருந்தது. மஞ்சள் விளக்கு, பனி, விளக்கின் கீழ் எண்ணெய் பூசியது போல மின்னும் அந்த முதுகு, அதன் நிழலில் ஒடுங்கிய ஒரு பெண்ணின் முகம். யாரும் குறை சொல்ல முடியாத படம். அமுக்கினால் போதும். அவள் விரல் அழுத்தப் போய்விட்டதும் உண்மை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருட்டில் ஃபோகஸ் பிடிப்பதற்காக இந்தக் கேமராவின் முகத்தில் ஓர் ஆரஞ்சு விளக்கு பளிச்சென்று எரியும். அது நேராக அந்த மிருகத்தின் கண்ணில் விழும். அது துள்ளினால் துள்ளுகிற இடத்தில் வெள்ளையம்மாள் இருக்கிறாள்.

விரலை எடுத்தாள். எடுப்பது அமுக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் கீழ்ச் சாலையில் ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. செம்மநத்தத்து ஜீப். ஓட்டுகிற சிவக்குமார் இந்த முக்குக்கு வந்ததும் வெள்ளையம்மாளை எழுப்புவதற்காக ஹாரனை நீளமாக அடிப்பது வழக்கம். விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடி திரும்பினால் கடா மிரண்டு வெள்ளையம்மாள்மேலேயே பாயும்.

கேமராவை அப்படியே விட்டாள். முதுகைச் சுவரில் உரசியபடி ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனாள். கடா ஒரு முறை தலையைத் தூக்கியது. காது அவள் பக்கம் திரும்பியது. ஜரீனா நின்றாள். வெள்ளையம்மாளின் கண்கள் அவளையே பார்த்தன. என்னை விட்டுவிட்டுப் போகிறாயா என்று அந்தக் கண்கள் கேட்டதாக ஜரீனாவுக்குத் தோன்றியது. கடா மறுபடி தலையைக் குனிந்து, பழத்தை நசுக்கித் தின்னும் சத்தம் கேட்டதும் இன்னும் நாலடி. முக்கைத் தாண்டியதும் ஓடினாள்.

பனிக்குள் இரண்டு விளக்குகள் ஏறி வந்தன. நடுச்சாலையில் போய் நின்றாள். ஆறு மாதமாக ஒரு பைக் சத்தத்துக்கே சுவரோடு ஒட்டிக்கொண்டவள், துப்பட்டாவை உருவி இரண்டு கையாலும் வீசினாள். ஜீப் வழுக்கிக்கொண்டு வந்து, அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. சிவக்குமார் தலையை வெளியே நீட்டினான்.

"ஏனுங்க, சாகறதுக்கு வேற எடம்..."

"ஹாரன் அடிக்காதீங்க! வெளக்க அணைங்க. கடா நிக்குது, மேல. வெள்ளையம்மாக்கா மாட்டிக்கிட்டாங்க."

அவன் எஞ்சினையும் விளக்கையும் அணைத்தான். உள்ளே இருந்தவர்கள் மூச்சுவிடவில்லை. இருட்டில் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனிக்குள் இருந்து ஒரு சத்தமும் இல்லை. அக்கா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை என்று ஜரீனா பின்னாளில் சொன்னாள். பிறகு ஏதோ கீழே விழுந்து நொறுங்கும் சத்தம். சிவக்குமார் பாய்ந்து இறங்கப் பார்த்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுங்க. சித்த பொறுங்க."

இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"பாய் வூட்டம்மா... போயிருச்சு சாமி."

ஓடினார்கள். வெள்ளையம்மாள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கூடை கவிழ்ந்து, ஒரு கொய்யாகூட மீதியில்லை. முக்காட்டில் கடாவின் எச்சில் வழிந்திருந்தது. எழுந்திருக்க அவளால் முடியவில்லை. ஜரீனா பக்கத்தில் உட்கார்ந்து அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். சிவக்குமார் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான்.

தெருவின் எதிர்ப்புறம் ட்ரைபாட் ஒரு கால் முறிந்து கிடந்தது. கடா போகிற போக்கில் இடித்திருக்கிறது. கேமராவை எடுத்துக் கொடுத்தது ஜீப்பில் வந்தவர்களில் ஒருவர்தான். ஜரீனாவுக்கு அதுவரை அதன் நினைப்பே வரவில்லை.

தெருவில் இருந்த ஒரு கடையின் கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மங்கலான அந்தக் காட்சி மறுநாளே போன் போனாகப் போனது. சாயங்காலம் பிரபாகர் அழைத்தார்.

"வீடியோல ட்ரைபாட் வெச்சுட்டு நிக்கறது நீங்கதானாமே? தஸ்லீமா சொல்லுச்சு. படம் எங்கங்க?"

"எடுக்கலைங்க."

"எடுக்கலையா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "ஏங்க, கைல ரெடியா இருந்துச்சே! ஆயுசுக்கு ஒரு தடவ கெடைக்கற ஃப்ரேம்ங்க அது."

"தெரியுங்க. அக்கா அங்க உக்காந்திருந்தாங்கல்ல."

"ஆமாங்க" என்றார் பிரபாகர். "அதுவுஞ் சரிதானுங்க. எனக்கு அது தோணலை பாருங்க." அவர் குரல் மாறியிருந்தது. குழுவுக்குத் திரும்பி வரச்சொல்லி அவர் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தார்.

எடுக்காததில் அவளுக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். அன்று இரவும் அதற்கடுத்த பல இரவுகளும் கண்ணை மூடினால் அந்தப் படம்தான் வந்தது. மஞ்சள், பனி, அந்த முதுகு. ஒருநாள் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்தவளை அன்வர் கேட்டான்.

"என்ன, அதையே நெனச்சுட்டிருக்கறயா?"

"ஆமாங்க."

"எடுத்திருந்தா நல்லா வந்திருக்குமா?"

"நொம்ப நல்லா வந்திருக்குங்க."

அவன் புரண்டு படுத்து, வலிக்கிற காலை அவள் மடிப்பக்கம் நீட்டினான். "சரி, தைலத்தத் தேய்ச்சு உடு" என்றான். அவள் தேய்த்தாள். அவனுடைய குறட்டை வந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளையம்மாள் பல நாட்கள் ஒண்டிக்கடைப் பக்கம் வரவில்லை. காய்ச்சல் என்று சிவக்குமார் சொன்னான். கார்த்திகை பிறந்து ஒரு சாயங்காலம் அவள் மறுபடி வந்தாள். இம்முறை இறவாரத்தில் உட்காரவில்லை. பேக்கரி வாசலில், ஆட்களுக்கு நடுவில், கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் ஜரீனா சாலையைக் கடந்து ஓடினாள். பக்கத்து டீக்கடையில் இருவரும் ஆளுக்கொரு டீயை வாங்கிக் குடித்தார்கள்.

"கேமரா ஒடஞ்சு போச்சாமே?" என்றாள் வெள்ளையம்மாள்.

"ஸ்டாண்டுதானுங்கக்கா போச்சு. இது ஓடுது."

"அப்ப என்னய ஒண்ணு புடி. அன்னிக்கி அந்த எழவெடுத்ததோட சேத்துப் புடிக்காம உட்டயே, அதுக்கே உனக்குப் புண்ணியம். இப்ப நா மட்டும் நிக்கறேன், புடி."

ட்ரைபாட் இல்லாததால் ஜரீனா டீக்கடை மேசைமேல் கேமராவை வைத்து, அடியில் மடித்த துப்பட்டாவை முட்டுக்கொடுத்தாள். "அசையாம நில்லுங்கக்கா." வெள்ளையம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றாள். ஷட்டர் திறந்தது. திறந்த மாத்திரத்தில் பேக்கரிக்காரர் ஏதோ கேட்க, வெள்ளையம்மாள் திரும்பிப் பதில் சொல்லி, சிரித்து, மூக்கைச் சொறிந்து, மறுபடி விறைப்பாக நின்றாள்.

"காட்டு, காட்டு."

ஜரீனா டேப்பைப் பிய்த்தாள். பேக்கரி விளக்கும் பன் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியும் துல்லியமாக விழுந்திருந்தன. நடுவில் புடவை கட்டிய ஒரு புகை. அதற்கு மூன்று முகம் இருந்தது.

"இதாரு சாமி?"

"நீங்கதானுங்கக்கா."

"மூஞ்சியவே காணமே! இதுக்கு அந்தக் கடாவே தேவலாம்" என்று வெள்ளையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜரீனாவும் சிரித்தாள். டீக்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இன்னொண்ணு புடி, இந்தத் தடவ ஆடவே மாட்டேன்" என்று வெள்ளையம்மாள் மறுபடி போய் நின்றாள். முக்கில் ஜீப்பின் ஹாரன் நீளமாகக் கேட்டது.

"போங்கக்கா, வண்டி போயிரும்."

"நிக்கட்டும் அவன்" என்றாள் வெள்ளையம்மாள், உதடு அசையாமல்.